மனசு பதறும்போது என்ன செய்வது? டி.பி.டி சிகிச்சை கற்றுத் தரும் திறன்கள் - முழு விளக்கம்

இரவு 11 மணி. மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி: "காலைல வந்ததும் என்னை வந்து பாருங்க."

அவ்வளவுதான். நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வயிற்றைப் பிசைகிறது. 'வேலை போயிடுமோ? இ.எம்.ஐ எப்படி கட்டுறது? வீட்ல என்ன சொல்றது?' என்று மனசு அடுத்த ஆறு மாதத்துக்கு ஓடிவிடுகிறது.

பக்கத்தில் இருப்பவர் "இதுக்குப் போய் இவ்ளோ டென்ஷனா? விட்டுட்டு தூங்கு" என்கிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் விடுவது எப்படி, தூங்குவது எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

அந்த 'எப்படி' என்ற கேள்விக்கு விடை தேடி உருவானதுதான் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. சுருக்கமாக டி.பி.டி. வலி தரும் உணர்வுகளைத் தாங்குவதும், அடக்குவதும், சொல்வதும் நீச்சல் போல, சைக்கிள் போலப் பழகிக் கற்றுக்கொள்ளக்கூடிய திறன்கள் என்பதுதான் இதன் அடிப்படை.

டி.பி.டி என்றால் என்ன? அதில் என்ன கற்றுத் தருகிறார்கள்? யாருக்கு உதவும்? எப்போது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்? இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இந்தச் சிகிச்சையை உருவாக்கியவர் யார்?

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தற்கொலை எண்ணமும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் தொடர்ந்து இருப்பவர்களுக்கு, அதிலும் குறிப்பாக 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிசார்டர்' எனப்படும் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்காக இதை அவர் உருவாக்கினார்.

இந்தச் சிகிச்சை பலன் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த முதல் ஆய்வு 1991-ல் வெளியானது. சிகிச்சைக்கான கையேடு 1993-ல் வந்தது. அன்றைக்குப் பல மருத்துவர்களே 'இவங்களை மாத்த முடியாது' என்று கைவிட்டிருந்த நோயாளிகள் அவர்கள்.

லினஹன் ஏன் அவர்களைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்விக்கான விடை 2011-ல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. தானும் அப்படி ஒரு நோயாளியாக இருந்தவள்தான் என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். 1961-ல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கே இருந்தவர் அவர். அதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த இடமும் அதே மருத்துவமனைதான். அப்போது அவருக்கு வயது 68.

பெயரில் உள்ள 'டயலெக்டிகல்' எதைக் குறிக்கிறது?

எதிரெதிராகத் தெரியும் இரண்டு உண்மைகளை ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொள்வது என்று எளிமையாகச் சொல்லலாம்.

நோயாளியிடம் 'நீ மாறணும்' என்று மட்டும் சொன்னால், 'என் வலி இவங்களுக்குப் புரியலை' என்று அவர் சிகிச்சையை விட்டுப் போய்விடுகிறார். 'உன் வலி புரியுது' என்று மட்டும் சொன்னால், எதுவும் மாறுவதில்லை. அதனால் லினஹன் இரண்டையும் சேர்த்தார். 'நீ இப்போ இப்படி இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. அதே நேரம் இதை மாத்தியே ஆகணும்.'

மாற்றத்துக்கான பகுதியை, அப்போது புழக்கத்தில் இருந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையிலிருந்து எடுத்தார். ஏற்றுக்கொள்ளும் பகுதியை ஜென் பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்தார்.

பதற்றம் ஏன் அடங்க மறுக்கிறது?

பதற்றம் கெட்ட விஷயம் இல்லை. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார்படுத்தும் எச்சரிக்கை மணி அது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மெசேஜ் வந்தாலும் புலி வந்தாலும் உடம்பு ஒரே மணியைத்தான் அடிக்கிறது.

அந்த நேரத்தில் நாம் வழக்கமாக இரண்டு காரியங்களைச் செய்கிறோம்.

ஒன்று, தப்பித்து ஓடுவது. கூட்டத்தைக் கண்டு பயம் என்றால் கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருப்பது. பேசப் பயம் என்றால் அழைப்பை எடுக்காமல் விடுவது. உடனே ஒரு நிம்மதி கிடைக்கும். ஆனால், 'தப்பிச்சதாலதான் பிழைச்சோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகிறது. உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் வீட்டுக் கதவோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது, உணர்வின் மேல் இன்னொரு உணர்வை ஏற்றுவது. முதலில் வந்தது பயம். 'இதுக்குப் போய் பயப்படுறேனே' என்ற வெட்கம் அதன் மேல் வருகிறது. அப்புறம் தன் மேலேயே கோபம். பத்து நிமிடத்தில் வடிந்திருக்க வேண்டிய ஒன்று ராத்திரி முழுக்க நீடிக்கிறது.

சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

இதற்கு லினஹன் இரண்டு காரணங்களைச் சேர்த்துச் சொல்கிறார். சிலர் பிறவியிலேயே உணர்ச்சிகளை அதிகமாக உணர்பவர்கள். சீக்கிரம் கலங்குவார்கள், அதிகமாகக் கலங்குவார்கள், தெளிய நேரமாகும். அப்படிப்பட்டவர், உணர்வுகளை மதிக்காத சூழலில் வளரும்போது பிரச்சினை தீவிரமாகிறது.

'உணர்வுகளை மதிக்காத சூழல்' என்றதும் கொடுமைக்கார வீடு என்று நினைக்க வேண்டாம். "இதெல்லாம் ஒரு விஷயமா?", "ஆம்பளப் பிள்ளை அழலாமா?", "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" - பாசமான வீடுகளில் தினமும் கேட்கும் வார்த்தைகள்தான். திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தை, தன் உணர்வுக்குப் பெயர் வைக்கவோ, அதை நம்பவோ கற்றுக்கொள்வதில்லை. கத்தினால்தான் கவனிப்பார்கள் என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது.

சரி, என்னென்ன திறன்கள்?

டி.பி.டி-யில் நான்கு பிரிவுகள் உண்டு. மனக்கவனம், துயரத்தைத் தாங்குவது, உணர்வுகளைக் கையாள்வது, உறவுகளில் பேசத் தெரிவது. ஒவ்வொன்றிலும் பல பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

1. வெள்ளம் தலைக்கு மேல் போகும்போது

உணர்வு உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை காதில் ஏறாது. அந்த நேரத்தில் பிரச்சினையைத் தீர்ப்பது இலக்கு கிடையாது. நிலைமையை இன்னும் மோசமாக்காமல் அந்த நேரத்தைக் கடப்பதுதான் இலக்கு. ராஜினாமா கடிதம் அனுப்பாமல், உறவை முறிக்கும் வாய்ஸ் மெசேஜ் போடாமல், கையில் இருக்கும் போனைச் சுவரில் எறியாமல் கடப்பது.

முதல் படி, அப்படியே நிற்பது. எதையும் செய்யாமல் நில்லுங்கள். ஒரு அடி பின்னால் வந்து மூச்சு விடுங்கள். உள்ளேயும் வெளியேயும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அதற்குப் பிறகு அடுத்த காரியத்தைச் செய்யுங்கள்.

அடுத்து, உடம்பு வழியாக மனசை இறக்குவது. இதில் நான்கு வழிகள் உண்டு.

- குளிர்ந்த நீர்: மூச்சை அடக்கிக்கொண்டு, குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் முகத்தை 30 விநாடிகள் வரை வைப்பது. அல்லது, துணியில் சுற்றிய ஐஸ் பையைக் கண்களைச் சுற்றியும் கன்னத்திலும் வைப்பது. நீருக்குள் மூழ்கும்போது இதயத் துடிப்பு தானாகக் குறையும் இயல்பு மனித உடம்பில் இருக்கிறது. அதைத்தான் இது தூண்டுகிறது.
- வேகமான உடற்பயிற்சி: மாடிப்படி ஏறி இறங்குவது, ஸ்கிப்பிங், வேக நடை. ஓடுவதற்காக உடம்பு சேர்த்து வைத்த ஆற்றலைச் செலவழித்துவிடுவது.
- நிதான மூச்சு: 5 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 7 எண்ணும் வரை விடுவது. உள்ளே போவதைவிட வெளியே வருவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நிமிடத்துக்கு 5 முறை போதும்.
- தசையை இறுக்கித் தளர்த்துவது: மூச்சை இழுக்கும்போது கை முட்டியை இறுக்கி, விடும்போது தளர்த்துவது. பிறகு தோள், முகம், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக.

கவனம்: இதயக் கோளாறு, குறைந்த ரத்த அழுத்தம், சாப்பிடும் பழக்கம் சார்ந்த நோய் உள்ளவர்களும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குளிர்ந்த நீர் முறையைச் செய்யக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் வேகமான உடற்பயிற்சிக்கும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெஞ்சு வலி வந்தால், 'பதற்றமா இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

2. உணர்வுக்குப் பெயர் வைப்பது

கண்ணை மூடி மணிக்கணக்கில் உட்கார்வதுதான் மனக்கவனம் என்று நினைத்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். டி.பி.டி கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். நடப்பதைக் கவனி, அதை வார்த்தையில் சொல், நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாதே.

'நான் ஒரு கோழை' என்பது தீர்ப்பு. 'நெஞ்சு வேகமா அடிக்குது, வேலை போயிடும்ங்கிற எண்ணம் வருது' என்பது கவனிப்பு. இரண்டாவதில், எண்ணம் வேறு, நீங்கள் வேறு என்று ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்க அந்த இடைவெளி போதும்.

3. உண்மையைச் சரிபார்ப்பது, எதிராகச் செய்வது

படபடப்பு கொஞ்சம் இறங்கிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி: நடந்தது என்ன, நான் நினைத்துக்கொண்டது என்ன?

நடந்தது, மேலாளர் 'வந்து பாருங்க' என்று சொன்னது மட்டும்தான். 'வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க' என்பது மனசு சேர்த்த கதை. வேறு காரணங்கள் இருக்க முடியாதா? மோசமானதே நடந்தாலும் என்ன செய்வது? இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள் சிகிச்சையாளர்கள். மனசுக்குள் சுற்றும்போது மலையாகத் தெரிவது, தாளில் இறங்கினால் நான்கு வரியாகிவிடுவது உண்டு.

பயத்துக்கு நிஜமான காரணம் இருந்தால், பிரச்சினையைத் தீர்க்கும் வேலையில் இறங்க வேண்டும். காரணம் இல்லாத பயம் என்றால் 'எதிர்ச்செயல்' என்ற பயிற்சி. உணர்வு எதைச் செய்யச் சொல்கிறதோ, அதற்கு எதிரானதைச் செய்வது.

- பயம் 'ஓடு' என்கிறதா? பயப்படும் காரியத்தை நெருங்குங்கள். திரும்பத் திரும்ப நெருங்குங்கள்.
- சோகம் 'போர்வைக்குள்ள படு' என்கிறதா? எழுந்து குளித்து, தெருமுனை வரையாவது போய் வாருங்கள்.
- கோபம் 'திட்டு' என்கிறதா? கொஞ்ச நேரம் அந்த இடத்தை விட்டு நாகரிகமாக விலகுங்கள்.

அரை மனசோடு செய்தால் இது வேலை செய்யாது. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அதுவும் ஒருவகைத் தப்பித்தல்தான்.

வன்முறை செய்யும் கணவர், தொல்லை கொடுக்கும் நபர் போன்ற நிஜமான ஆபத்தில் எதிர்ச்செயல் கூடாது. அங்கே பயம் சொல்வது சரி. விலகிப் பாதுகாப்பு தேட வேண்டும்.

4. ஏற்றுக்கொள்வது என்றால் தலைவிதி என்று விடுவதா?

டி.பி.டி-யில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இது. 'முழுமையாக ஏற்றுக்கொள்வது' என்று லினஹன் சொல்வது, நடந்தது நியாயம் என்று ஒப்புக்கொள்வதைக் குறிக்காது. 'எல்லாம் தலையெழுத்து' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதையும் குறிக்காது.

நான்கு வருடம் படித்த அரசுத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் வேலை போய்விட்டது. வலிக்கத்தான் செய்யும். 'இப்படி நடந்திருக்கவே கூடாது, அந்த ஒரு கேள்வியை மட்டும் சரியா எழுதியிருந்தா...' என்று மனசு மாதக்கணக்கில் அந்தத் தேர்வு அறைக்கே திரும்பிப் போகும்போது, வலியோடு அல்லாடலும் சேர்கிறது. 'நடந்துடுச்சு. பிடிக்கலை. ஆனா நடந்துடுச்சு' என்று சொல்ல முடியும் இடத்திலிருந்துதான், அடுத்து எழுதுவதா, வேறு வேலை தேடுவதா என்ற கேள்வியையே யோசிக்க முடியும்.

இது ஒரே நாளில் வராது. ஒரே விஷயத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நடுவில் அழுகை வரும். வரட்டும், அதுவும் ஏற்றுக்கொள்வதன் ஒரு பகுதிதான்.

5. கேட்கத் தெரிவதும் ஒரு திறன்

பதற்றத்தின் பெரும்பங்கு உறவுகளில்தான் பிறக்கிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது, பிறகு ஒரு நாள் வெடிப்பது. இதற்கு டி.பி.டி ஒரு வரிசை தருகிறது. நடந்ததைச் சொல், உன் உணர்வைச் சொல், என்ன வேண்டும் என்று நேரடியாகக் கேள், அதனால் எதிரில் இருப்பவருக்கும் என்ன நன்மை என்று சொல். தேவைப்பட்டால் பேரம் பேசவும் தயாராக இரு.

அந்த மேலாளரிடம் மறுநாள் இப்படிப் பேசலாம்: "சார், நேத்து ராத்திரி 11 மணிக்கு உங்க மெசேஜ் பார்த்தேன். என்ன விஷயம்னு தெரியாம தூக்கமே வரலை. அடுத்த தடவை எதுக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டீங்கன்னா, நான் அதுக்குத் தயாரா வந்துடுவேன். உங்களுக்கும் நேரம் மிச்சம்."

குரல் உயரவில்லை. குழைந்து மன்னிப்பும் கேட்கவில்லை. இதை முன்கூட்டியே கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகச் சொல்கிறார்கள்.

6. உடம்பு சரியாக இருந்தால் பாதி பாரம் குறையும்

தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி, உடல் நோய்க்குச் சிகிச்சை, மதுவையும் போதையையும் தவிர்ப்பது. கேட்டுச் சலித்த பட்டியல்தான். ஆனால் டி.பி.டி இதை ஒழுக்கப் பாடமாக வைக்கவில்லை. தூங்காத, சாப்பிடாத உடம்பில் சின்னச் சொல்கூடப் பெரிதாக வலிக்கும் என்பதால்தான் வைத்திருக்கிறது. தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் படபடப்பு வரும். அதிகமான காபியும் காரணமாகலாம். அதனால் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படித்தால் மட்டும் போதுமா?

போதாது. முழுமையான டி.பி.டி சிகிச்சையில் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழுப் பயிற்சி வகுப்பு, நெருக்கடி நேரத்தில் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் கேட்கும் வசதி ஆகியவை உண்டு. சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் கூடி ஆலோசிக்கும் குழுவும் அதில் ஒரு அங்கம். எல்லாத் திறன்களையும் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 24 வாரங்கள் ஆகும். பெரும்பாலும் இரண்டு சுற்று, அதாவது ஒரு வருடம். அன்றன்று வந்த உணர்வு எவ்வளவு, எந்தத் திறனைப் பயன்படுத்தினார் என்று நோயாளி தினமும் ஒரு அட்டையில் குறிக்க வேண்டும்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் டி.பி.டி பலன் தருவதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. பதற்றக் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் வழக்கமாக முதலில் பரிந்துரைப்பது அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை. பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி அதில் உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் சேரும். டி.பி.டி திறன்கள் அதற்குத் துணை நிற்கும். நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையை, இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

இந்தியாவில் முழு வடிவில் டி.பி.டி தரும் இடங்கள் குறைவு. பெருநகரங்களில்தான் கிடைக்கிறது. எங்கே போனாலும், சிகிச்சை தருபவர் மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"தைரியமா இரு" என்பதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்தால் போதும்: "உனக்கு இப்போ ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது." அவர் நினைப்பது சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அவருக்கு வலிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டால் போதும்.

தீர்வு சொல்வதற்கு முன், "நான் கேக்கணுமா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். மூச்சுப் பயிற்சியைக் கூடவே உட்கார்ந்து செய்யுங்கள். சாகணும் போல இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. பல நேரங்களில், மனசு திறந்து பேச அதுதான் முதல் வாய்ப்பாக இருக்கும். அப்படி ஒரு எண்ணம் இருப்பதாகச் சொன்னால், அவரைத் தனியாக விடாமல் உடனே உதவியை நாடுங்கள்.

எப்போது கட்டாயம் உதவி தேட வேண்டும்?

- பதற்றமோ சோகமோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால்
- தூக்கம், சாப்பாடு, வேலை, படிப்பு பாதிக்கப்பட்டால்
- பயத்தால் வெளியே போவதையே தவிர்த்தால்
- மனசை அடக்க மதுவையோ மாத்திரையையோ நாட ஆரம்பித்தால்
- தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ, வாழ வேண்டாம் என்ற எண்ணமோ வந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல்

யாரை அழைக்கலாம்?

மத்திய அரசின் 'டெலி மனஸ்' சேவை எண் 14416. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல உதவி எண் 1926-ஐ அழைக்கலாம்.

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது.

அழைத்ததும் என்ன பேசுவது என்று தெரியவில்லையா? "எனக்குப் பதற்றமா இருக்கு, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்று ஆரம்பித்தால் போதும். மீதியை எதிர்முனையில் இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்.